பூட்டு போடுங்கள், எப்போது கழற்றுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்

புது கேம் எதையாவது அறிவித்தால் போதும், எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் கதை என்ன, கிராபிக்ஸ் எப்படி என்பதற்கெல்லாம் முன்னால் "டெனுவோ இருக்கா?" என்றுதான் யாராவது கேட்பார்கள். கேமைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் தடுக்கும் டிஜிட்டல் பூட்டுக்கு டிஆர்எம் என்று பெயர், அதில் ஒரு வகை டெனுவோ. அப்புறம் சண்டை ஆரம்பிக்கும். காசு கொடுத்து வாங்குகிறவனைத்தான் டிஆர்எம் பாடாய்ப் படுத்துகிறது, திருடுகிறவன் நிம்மதியாக விளையாடுகிறான் என்று நாலு பேர் சொல்வார்கள். பூட்டு இல்லாவிட்டால் எவன் காசு கொடுப்பான், பர்மா பஜாரில் திருட்டு சிடி குவிந்து கிடந்த காலம் மறந்துபோச்சா என்று இரண்டு பேர் திருப்பிக் கேட்பார்கள். நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்திலிருந்து கேம்களைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். தெரிந்தவர்களுக்குக் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பதும் உண்டு, அதனால் இந்தப் பூட்டுகள் எங்கே, எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதைப் பல வீடுகளில், பல மெஷின்களில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன், பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொள்வதில் கேட்கவேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறோம். இந்தப் பூட்டு எத்தனை நாளைக்கு? பெரும்பாலான நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

2012-ல் மதுரைப் பக்கம் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. எங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது, கணினிக்குத் தனியாக யூபிஎஸ் இருந்தது, மோடத்தையும் இன்வர்ட்டர் லைனில் மாட்டியிருந்தேன். ஆனால் தெருமுனையில் கம்பத்தில் தொங்கிய பெட்டிக்குள் இருந்த நெட் சுவிட்சுக்கு பேக்கப் கிடையாது. கரண்ட் போனால் நெட் போகும். நெட் போனால், நான் யாரோடும் சேராமல் தனியாளாக விளையாடிக்கொண்டிருந்த கேம் அப்படியே நின்று, சர்வரோடு தொடர்பு இல்லை என்று ஒரு பலகையைக் காட்டும். மறுபடி தொடர்பு வந்தாலும் கடைசியாக சேவ் ஆன இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், நடுவில் கடந்து வந்ததெல்லாம் போனதுதான். ஒரு பெரிய நிறுவனத்தின் கேம் அது, முழு விலை கொடுத்து வாங்கியது. அதே கேமின் கிராக் பதிப்பை, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பை வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் யூபிஎஸ் தீரும் வரை தடங்கல் இல்லாமல் விளையாடினான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் மேல்தான் வந்தது, அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

இது ஏதோ மின்வெட்டு ஊர்க்காரர்களின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். 2010 மார்ச்சில் யுபிசாஃப்ட் அசாசின்ஸ் கிரீட் 2-வையும் சைலன்ட் ஹண்டர் 5-யையும் எந்நேரமும் இணையத்தில் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடு கணினிக்கு வெளியிட்டது. அதே மாதம் அதன் சர்வர்கள் மேல் தாக்குதல் நடக்க, நல்ல இணைய வசதி இருந்த ஐரோப்பாக்காரர்களே காசு கொடுத்த கேமைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012 மே 15 அன்று டியாப்லோ 3 வந்தபோது உலகம் முழுக்க, சர்வரில் இடமில்லை என்று சொல்லும் "எர்ரர் 37" தான் முதல் காட்சி. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டிக்கு இன்னும் மோசம், சர்வர்கள் தாங்காமல் போக, அமேசான் அதன் டவுன்லோட் பதிப்பின் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. நகரம் கட்டும் அந்த கேமில் நகரத்தின் கணக்குகளில் ஒரு பகுதி சர்வரில் நடக்கிறது, அதனால் இணையம் இல்லாமல் முடியாது என்றார்கள் உருவாக்கியவர்கள். ஒரு வருஷம் கழித்து ஆஃப்லைன் முறையை அவர்களே கொடுத்தார்கள். முடியும் என்றால் முதலிலேயே முடிந்திருக்கும் என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது.

இதிலிருந்து நான் பழகிக்கொண்ட வேலை ஒன்று உண்டு. எந்த கேமை வாங்கினாலும், இன்ஸ்டால் செய்து ஒரு முறை திறந்து மூடியபின், நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். திறக்கிறதா, திறந்தால் சேவ் செய்கிறதா, கால் மணி நேரம் விளையாடினால் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அதனால் இந்தச் சோதனையை முதல் நாளே செய்வது நல்லது. நிறைய பேர் முதலில் இருபது மணி நேரம் விளையாடிவிட்டு, ஊருக்குப் போகும்போது லேப்டாப்பில் திறந்து பார்த்துத்தான் விஷயத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது ஆக்டிவேஷன் எண்ணிக்கை. இத்தனை முறைதான் இன்ஸ்டால் செய்யலாம், அதற்கு மேல் போனால் வாடிக்கையாளர் சேவையைக் கெஞ்ச வேண்டும் என்கிற ஏற்பாடு. கணினி கட்டிக்கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது. ஒரு முறை வீட்டில் மதர்போர்டு போய்விட்டது. இடி இறங்கியதால் என்று நினைக்கிறேன், மோடமும் கூடவே போயிருந்தது. புது போர்டு மாட்டி விண்டோஸ் போட்டு எல்லாம் சரிசெய்த பின், ஒரு வியூக விளையாட்டு மட்டும் நீங்கள் அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டீர்கள் என்றது. மெயில் போட்டால் பில்லின் படம் கேட்டார்கள், பெட்டிக்குள் இருந்த கீயின் படம் கேட்டார்கள், இரண்டையும் அனுப்பினால் வேறு ஆள் வந்து மறுபடி அதையே கேட்டார். கடைசியில் கிடைத்தது, ஆனால் அதற்குள் அந்த கேமின் மேல் இருந்த ஆசை போய்விட்டது.

அந்தக் காலகட்டத்தில் இதற்குப் பெயர்போன கேம் ஸ்போர். 2008-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை செக்யூரோம் பூட்டோடு, மூன்றே ஆக்டிவேஷன் என்ற கணக்கில் வெளியிட்டது. அமேசானில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள், அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள், எண்ணிக்கை 5 ஆனது. இத்தனை கெடுபிடிக்கும் பிறகு அந்த வருஷத்தில் டோரன்ட் வழியாகத் திருட்டுத்தனமாக அதிகம் இறக்கப்பட்ட கேம்களின் பட்டியலில் அதுதான் முதலில் நின்றது. 2012 தொடக்கத்தில் குரு3டி என்ற வன்பொருள் சோதனைத் தளம் அன்னோ 2070 கேமை வைத்து கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிக்கப் போனது. ஒவ்வொரு கார்டை மாற்றும்போதும் கேம் அதைப் புதுக் கணினி என்று எண்ணி, சீக்கிரமே கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் எழுதியது பரவியதால் யுபிசாஃப்ட் கிராபிக்ஸ் கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தது. எழுதுவதற்கு ஒரு தளம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு மெயில்தான்.

ஆனால் அதே காலத்தில் நல்ல உதாரணமும் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2007-ல் வந்த பயோஷாக் முதலில் 2 ஆக்டிவேஷன் என்று ஆரம்பித்து, கூச்சல் எழுந்ததும் 5 ஆக்கியது. அப்புறம் 2008-ல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். விற்பனை சூடாக இருந்த மாதங்களில் கட்டுப்பாடு இருந்தது, அது முடிந்ததும் போனது. இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

பூட்டைக் கழற்றாமல் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய டிஸ்க்குகளைப் பார்த்தால் போதும். சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு 2000-களில் ஏகப்பட்ட கேம்களில் இருந்தது. அது விண்டோஸின் கருவுக்குள் செக்டிஆர்வி என்ற டிரைவரை வைத்து வேலை செய்யும். அந்த டிரைவரில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகக் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடிக்கலாம் என்று 2007-லேயே தெரிந்துபோனது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரை ஏற்றுவதையே விட்டுவிட்டது, பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் அதை நிறுத்தி வைத்தது. பாதுகாப்புக் கோணத்தில் அது சரியான முடிவு, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறது, கீறல்கூட இல்லை, கேமின் எல்லா ஃபைலும் அதற்குள் இருக்கிறது, பூட்டைத் திறக்கும் ஆள் மட்டும் இல்லை. அந்தப் பூட்டு காப்பாற்ற வேண்டிய விற்பனை எப்போதோ முடிந்துபோன பிறகும், பூட்டு மட்டும் அங்கேயே நிற்கிறது. ஜிடிஏ 4-க்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2020 ஜனவரியில் அது ஸ்டீம் விற்பனையிலிருந்தே காணாமல் போனது. அது நம்பியிருந்த, மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சேவைக்குப் புதிய கீ உண்டாக்க முடியாமல் போனதுதான் காரணம். அந்தச் சேவையைக் கழற்றிவிட்டு இரண்டு மாதத்தில் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய பெயர் என்பதால் ஆள் வைத்துச் செய்தார்கள். சின்ன கேமாக இருந்திருந்தால் யார் செய்வார்கள்?

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி சாதாரணமானது. முதலில் அந்த கேம், பூட்டில்லாமல் கேம் விற்கும் ஜிஓஜி என்ற இணையக் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கேம்கள் பலவும் அங்கே தள்ளுபடியில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பூட்டு இருக்காது, புது விண்டோஸுக்குத் தகுந்தபடி சரிசெய்தும் இருப்பார்கள். இரண்டாவது முறை காசு கொடுப்பது அநியாயம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, ஆனால் கிடைப்பது பூட்டில்லாத ஃபைல். அங்கே இல்லாவிட்டால் பிசி கேமிங் விக்கியில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்தால் என்ன பூட்டு, அதை நீக்க நிறுவனமே பேட்ச் (திருத்த ஃபைல்) கொடுத்திருக்கிறதா என்ற விவரம் இருக்கும். பல நிறுவனங்கள் கடைசி பேட்சில் டிஸ்க் சோதனையைத் தாங்களே எடுத்திருக்கின்றன, அது தெரியாமலே நிறைய பேர் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இதுவரை படித்துவிட்டு நான் பூட்டே கூடாது என்கிற கட்சி என்று நினைத்தால், கோவையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் என் நண்பனோடு நடந்த வாக்குவாதத்தையும் சொல்ல வேண்டும். நான் இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போக, அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், ரெண்டு வருஷம் ஆறு பேர் உக்காந்து பண்றோம். வெளியான அன்னைக்கு சாயங்காலமே ஓசி லிங்க் சுத்துது. முதல் வாரம் வர்ற காசுலதான் அடுத்த ஆறு மாசச் சம்பளம். உன் டிஸ்க் பத்து வருஷம் கழிச்சு ஓடணும்னு நீ நினைக்கிற, நாங்க அடுத்த வருஷம் இருக்கணும்னு நினைக்கிறோம்" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை. அவன் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. 2013-ல் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து கேம் டெவ் டைகூன் என்ற சின்ன கேமை எட்டு டாலருக்கு, பூட்டே இல்லாமல் வெளியிட்டார்கள். கூடவே தாங்களே ஒரு திருட்டுப் பதிப்பையும் டோரன்டில் விட்டு, எத்தனை பேர் எதை விளையாடுகிறார்கள் என்று எண்ணினார்கள். முதல் நாளில் 93.6 சதவீதம் பேர் திருட்டுப் பதிப்பில் இருந்தார்கள். விலை குறைவு, பூட்டு இல்லை, சின்னக் குழு, பெருநிறுவனமும் இல்லை. ஆக, நாம் வழக்கமாகச் சொல்லும் எந்தச் சாக்கும் அங்கே பொருந்தவில்லை. எங்கள் கூட்டத்தில் "பூட்டை எடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள்" என்று யாராவது சொன்னால் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

அப்புறம் 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வோல்க்மன், டெனுவோ போட்டு ஸ்டீமில் வெளியான எண்பதுக்கும் மேற்பட்ட கேம்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பூட்டு எந்த வாரம் உடைந்தது, அதற்குப் பின் வருமானம் எப்படி ஆனது என்று கணக்குப் போட்டார். முதல் வாரத்திலேயே உடைந்தால் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல இழப்பு. உடைவது தள்ளிப்போகப் போக இழப்பு குறைகிறது. 12 வாரம் தாண்டி உடைந்தால் கிட்டத்தட்ட இழப்பே இல்லை. இதைப் படித்ததும் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் முதல் பாதியைக் காட்டி "பாத்தியா" என்றான், நான் இரண்டாவது பாதியைக் காட்டி அதையே சொன்னேன். ஆனால் பேசிப் பேசி இருவரும் ஓரிடத்துக்கு வந்தோம். மூன்று மாதம் பூட்டு, அதன்பின் கழற்றிவிடுவது. அவனுக்குச் சம்பளம், எனக்கு கேம். அவனே இன்னொன்றும் சொன்னான், பூட்டைக் கழற்றுவது ஒரு பட்டனை அழுத்துகிற வேலை கிடையாது, புதிதாக பில்ட் எடுத்து மறுபடி சோதிக்க ஆள் வேண்டும், அதற்கு வெளியீட்டுக்கு முன்பே திட்டத்தில் நேரம் ஒதுக்க வேண்டும், ஸ்டுடியோவைக் கலைத்த பிறகு அதைச் செய்ய யாரும் இருக்கமாட்டார்கள் என்று. அதனால்தான் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் 2013-ல் கணினிக்கு வந்த கேம். 2024 ஜனவரியில் கேப்காம் அதற்கு ஒரு அப்டேட் மூலம் புதிதாக எனிக்மா என்ற பூட்டை மாட்டியது. ரசிகர்கள் செய்து சேர்த்த மாற்றங்களும் (மாட்கள்) கேமின் ஓட்டமும் கெட்டன, வாங்கியவர்கள் கூச்சல் போட்டதும் அந்த அப்டேட்டைத் திரும்ப எடுத்தார்கள். பத்து வருஷம் ஆன கேமில் எந்த விற்பனையைக் காப்பாற்ற இது என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, டெனுவோ கேமின் வேகத்தைக் குறைக்கிறதா? எங்கள் கூட்டத்தில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான், அதிகம் தவறாகப் பேசப்படுவதும் இதுதான். உறுதியாக நிரூபணமான ஒன்று ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ். 2021 மே மாதம் வந்தது, எதிரிகளைச் சுடும்போது படம் திக்கித் திக்கி நின்றது. ஜூலையில் கிராக் பதிப்பு வெளியானபோது அதில் அந்தத் திக்கல் இல்லை. கேம்களின் ஓட்டத்தை அளந்து பார்க்கும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழு இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து காட்டியது. டெனுவோவோடு கேப்காம் தன் சொந்தப் பூட்டையும் சேர்த்திருந்தது, பிரச்சினையின் வேர் அங்கே என்று பேசப்பட்டது. அதே மாதம் பேட்ச் வந்தது, சரியானது. காசு கொடுத்தவர்கள் இரண்டு மாதம் மோசமான பதிப்பை விளையாடியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்த கேம் திக்கினாலும் டெனுவோ என்று கை காட்டுவது சரியில்லை. என்னிடம் வந்த மெஷின்களில் திக்கல் புகார் என்றால் பெரும்பாலும் ஷேடர் (ஒளி, நிழல் வரையும் சின்ன நிரல்கள்) தயாராகும் நேரத்தில் வருவது, அல்லது ஒற்றை ரேம் போட்டிருப்பது, அல்லது கேம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது. இரண்டாவது ரேம் போட்டதும் டெனுவோ குற்றச்சாட்டு மறைந்துபோன வீடுகள் உண்டு. நியாயமான புகார் கையில் இருக்கும்போது பொய்யான புகாரையும் சேர்த்து வைத்தால், நிறுவனங்கள் பொய்யானதை மட்டும் எடுத்துப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது, பூட்டைத் திறக்க வெளியே ஏதோ ஒன்று எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. 2021 நவம்பரில் டெனுவோ பயன்படுத்தும் ஓர் இணைய முகவரியின் (டொமைன்) பதிவு காலாவதியாகி, கொஞ்ச நேரத்துக்குப் பல கேம்கள் திறக்காமல் போயின. அதே சமயத்தில்தான் இன்டெலின் 12-ஆம் தலைமுறை சிபியூ வந்தது. அதில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை இருந்ததால் சில டிஆர்எம்கள் அதை இரண்டு வெவ்வேறு கணினி என்று எண்ணிக் குழம்பின. 50-க்கும் மேற்பட்ட கேம்களின் பெயரை இன்டெலே பட்டியல் போட்டு வெளியிட்டது. தீர்வு என்னவென்றால் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒரு அமைப்பை இயக்கிவிட்டு, கேமைத் திறக்கும் முன் கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கைத் தட்டி சின்ன கோர்களைத் தூங்க வைக்க வேண்டும். பின்னால் பேட்ச்களில் சரிசெய்தார்கள். இன்னும் அந்தத் தலைமுறை மெஷினில் பழைய, பேட்ச் வராத கேம் ஒன்று திறக்க மறுத்தால் இதை முயன்று பாருங்கள், பயோஸில் லெகசி கேம் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும்.

லினக்ஸிலோ, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியிலோ விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டெனுவோ கேம் சரியாக ஓடவில்லை என்றால் விண்டோஸ் கேமை அங்கே ஓட வைக்கும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை நம் கை தானாக மாற்றி மாற்றிப் பார்க்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் டெனுவோ புதுக் கணினியாக எண்ணக்கூடும். ஒரு நாளைக்கு 5 என்பது வழக்கமான வரம்பு, தாண்டினால் 24 மணி நேரம் கதவு சாத்திவிடும். அதனால் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று முதலில் புரோட்டான்டிபி தளத்தில் பார்த்துவிட்டு, அதை வைத்தே தொடங்குங்கள். ரயிலில் விளையாடலாம் என்று நினைத்தால், கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வைஃபையில் எல்லா அப்டேட்டையும் போட்டு, கேமை ஒரு முறை திறந்து மூடி, அப்புறம் ஆஃப்லைனுக்கு மாற்றுங்கள். அப்டேட் வந்த கேம் மறுபடி இணையத்தில் அனுமதி கேட்கும், அது திண்டுக்கல் தாண்டி சிக்னல் இல்லாத இடத்தில்தான் தெரியவரும்.

வாங்கும் முன் நான் பார்ப்பது இவ்வளவுதான். ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தில், வேறு நிறுவனத்தின் டிஆர்எம் இருந்தால் ஒரு பெட்டியில் எழுதியிருப்பார்கள், தனிக் கணக்கு தொடங்க வேண்டும் என்றாலும் அங்கேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். ஒரு புது கேம் இங்கே நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் ஆகிறது, அந்தப் பெட்டியைப் படிக்க அரை நிமிடம் போதும். அந்தப் பெட்டி நீளமாக இருந்தால் நான் காத்திருப்பேன். ஆறு மாதம், ஒரு வருஷம் போனால் விலையும் இறங்கும், பேட்ச்களும் வந்திருக்கும், டெனுவோவை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியும் பல கேம்களுக்கு வரும். ஜிஓஜியில் ஒரே நாளில் வெளியாகிறது என்றால் அங்கேதான் வாங்குவேன். 2015-ல் விட்சர் 3, 2023-ல் பால்டர்ஸ் கேட் 3, இரண்டும் முதல் நாளே அங்கே பூட்டில்லாமல் வந்தன, விட்சர் 3 அப்புறம் 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. எல்லா கேமும் விட்சர் ஆகாது என்று என் நண்பன் சொல்வான், அது சரிதான். ஜிஓஜியில் வாங்கினால் மட்டும் போதாது, ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். இறக்கி வைக்காத வரை அதுவும் வேறு யாரோ ஒருவரின் சர்வரில்தான் இருக்கிறது.

நான்தான் காசு கொடுத்து வாங்கிவிட்டேனே, பூட்டை உடைத்த பதிப்பை இறக்கிக்கொண்டால் என்ன தப்பு என்று என் சித்தி மகன் கேட்டான். "அண்ணே, காசு குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றான். நியாயத்தைப் பேசினால் அவன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பேன். ஆனால் கணினி சரிசெய்கிறவனாகச் சொன்னால், வேண்டவே வேண்டாம். கிராக் ஃபைல் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், அட்மின் அனுமதி கேட்கும், அதற்குள் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. 2021-ல் அவாஸ்ட் நிறுவனம் கண்டுபிடித்த கிராக்கோனோஷ் என்ற வைரஸ் கிராக் கேம்களுக்குள் ஒளிந்து, ஆன்டிவைரஸைச் செயலிழக்க வைத்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. கேம் ஆடாத நேரத்திலும் ஃபேன் அலறுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று என்னிடம் வரும் மெஷின்களில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். பேங்க் வேலை செய்யும் கணினியில் இதற்கு இடம் கொடுக்காதீர்கள். பூட்டு பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் இருப்பதும், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் பாதுகாப்பான வழிகள், நிறுவனத்துக்கு உறைக்கிற வழிகளும் அவைதான்.

இப்போது சண்டை டிஆர்எம்மைத் தாண்டி இன்னும் பெரிய இடத்துக்குப் போயிருக்கிறது. யுபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்ட கேம், அதனால் வாங்கிய எல்லோருக்கும் அன்றோடு முடிந்தது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அடுத்த மாதமே "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை எக்காலத்துக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை, நிறுத்தும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களின் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. 2024 செப்டம்பரிலேயே தி க்ரூ 2-வுக்கும் மோட்டார்ஃபெஸ்டுக்கும் ஆஃப்லைன் முறை தருவோம் என்று யுபிசாஃப்ட் அறிவித்துவிட்டது, கூச்சல் போட்டதால் வந்த பலன் என்றுதான் நான் பார்க்கிறேன். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற பட்டனை வைக்கக்கூடாது என்கிறது. இணையம் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கிக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சட்டம் போட்டவர்களே இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஐரோப்பியக் குடிமக்களுக்கான அந்த மனுவில் நம்மால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஆனால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அல்லது பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறார்கள். நான் அதில் கேம் பிடித்திருக்கிறது, இணையம் இல்லாமல் திறக்கவில்லை, டிஆர்எம்மை எப்போது எடுப்பீர்கள் என்று அறிவித்தால் மறுபடி வாங்குகிறேன் என்று எழுதுகிறேன், ரிவியூவிலும் அதையே போடுகிறேன். நீங்களும் எழுதுங்கள், திட்டாமல், தேதியை மட்டும் கேட்டு.